மாட்டாத வில்லை

குளிர் அறைக்குள் போகிறவர் கதவுக்குப் பக்கத்தில் உள்ள கொக்கியில் தன் சிவப்பு அடையாள வில்லையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கதவைச் சாத்துகிறவர் கொக்கியைப் பார்த்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் சாத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற சட்டம். வில்லை தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னவள் அந்த வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்திருந்தாள். மறந்துபோய் அப்படிச் செய்யவில்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தாள். யோசித்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. சிலர் யோசிக்காமல் சும்மா இருந்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

கடைகளுக்கு உறைந்த மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் அனுப்புகிற கிடங்கு அது. சரக்கு ஏற்றுகிறவர்கள் காலையில் வந்து ஒரு சுற்று ஏற்றிவிட்டுப் போனால் மறுபடி சாயங்காலம்தான் வருவார்கள். நடுவில் பகல் முழுக்கக் குளிர் அறைப் பக்கம் இருப்பது இரண்டே பெண்கள். மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். அவளுக்குத் துணையாக வந்ததால் இளையவள் தானாகவே சின்னவள் ஆகிப்போனாள். ஒருத்தி உள்ளே அட்டைப்பெட்டிகளை அடுக்குவாள், ஒருத்தி வெளியே மேஜையில் பிரித்துக் கட்டுவாள். பிறகு மாறிக்கொள்வார்கள். பல வருஷமாக ஒரு சண்டை கிடையாது. பெரியக்கா வாயாடி, சின்னவள் ஊமைக்கோட்டான். ஜோடிப் பொருத்தம் அப்படி அமைந்திருந்தது.

இந்த நிலையில்தான் மேனேஜர் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து, போகிற போக்கில், "கூடிய சீக்கிரம் இந்தப் பிரிவுக்கு ஒரு ஆள் போதும்னு ஆக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் அந்த ஒரு ஆள் என்று சொல்லவில்லை. கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டுப் போவதற்குத்தான் மேனேஜர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களோ என்னவோ.

அதே வாரம் இன்னொன்று நடந்தது. சின்னவள் உள்ளே இருக்கும்போது தள்ளுவண்டி இடித்துக் கதவு மூடிக்கொண்டது. விளக்கின் சுவிட்ச் வெளியே இருக்கிறது. அதில் பெரியக்காவின் முழங்கை பட்டு விளக்கும் அணைந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் பெரியக்கா கதவைத் திறந்துவிட்டாள். திறந்தவள் சின்னவளின் முகத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முகத்துல ஈயாடல பாரு! பயந்துட்டியா? உன்ன உள்ள வெச்சுப் பூட்டி நான் என்னடி பண்ணப் போறேன்?"

சின்னவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். என்ன பண்ணப் போகிறாள்? ஒரு ஆள் போதும் என்றார்களே. ஒரு ஆளாக ஆக்கப் போகிறாள்.

அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாக வந்து நின்றது. பெரியக்கா போனில் பேசிக்கொண்டிருப்பாள், சின்னவள் வந்ததும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். கதவின் கீல் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டாள். இனிமேல் கதவு சாத்துகிற சத்தம் உள்ளே கேட்காது. "உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்று ஒரு நாள் கேட்டாள். அவர் எப்போது வந்தால் இவளுக்கு என்ன? நான் வரவில்லை என்று அவர் எப்போது தேட ஆரம்பிப்பார் என்று கணக்குப் போடுகிறாளா? போனும் எண்ணெயும் கேள்வியும் தனித்தனியாக இருந்தால் ஒன்றுமே இல்லை. சின்னவள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கோத்து வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், சிரித்த முகம். யாரோ ஒரு பயணி போனில் பேசும்போது பாரனோயா என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவர், புதுச் சட்டை வாங்கின மாதிரி அதை எங்கே பார்த்தாலும் போட்டுக்கொண்டார். சின்னவள் காஸை அணைத்தோமா என்று இரண்டாம் முறை பார்த்தால் பாரனோயா. எதிர்வீட்டுக்காரர் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டால் பாரனோயா. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்து அவள் எடுக்காவிட்டால் பாரனோயா. "நீங்க நிமிஷத்துக்கு ஒரு தடவ கண்ணாடியப் பாத்துப் பாத்துதான ஓட்டறீங்க, அது என்னவாம்?" என்று அவள் ஒரு நாள் மடக்கினாள். "அது தொழிலு. நீ பார்த்தாத்தான் பாரனோயா" என்றார் மனிதர், கூச்சமே இல்லாமல்.

அவரிடம் அவள் சொல்லித்தான் பார்த்தாள். சாப்பாடு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஏங்க, அந்தப் பெரியக்கா என்ன ஒரு நாள் உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்களோன்னு இருக்கு."

"யாரு? உனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுத்து அனுப்புமே, அந்தம்மாவா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வந்திடுச்சு, நம்ம வீட்டுக்கு நிஜப் பாரனோயா வந்திடுச்சு!"

அத்துடன் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். தினம் பத்துப் பேரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையை, நிஜமாக வருகிற அன்றைக்கு மட்டும் வேறு குரலில் சொல்ல யாருக்குத் தெரியும்?

அவர் தூங்கிய பிறகு அவள் அந்த வார்த்தைக்குப் பொருள் என்ன என்று போனில் தேடிப் பார்த்தாள். 'தக்க காரணம் இல்லாமல், பிறர் தனக்குத் தீங்கு செய்யப் போகிறார்கள் என்று உறுதியாக நம்புவது' என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு எவ்வளவு நிம்மதி! காரணம் இல்லாமல் என்றல்லவா போட்டிருக்கிறது? எனக்குத்தான் காரணம் இருக்கிறதே. அப்படியென்றால் இது அது இல்லை. போனை வைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் மட்டும் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போவதே பயந்து சாவதாக இருந்தது. உள்ளே நிற்கும்போதெல்லாம் முதுகு கதவையே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியை வைத்துவிட்டு ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் உள்ளே இருப்பது பெரியக்காவுக்கு எப்படித் தெரிகிறது? வில்லையைப் பார்த்துத்தான். வில்லை இல்லாவிட்டால்? உள்ளே ஆள் இருப்பதே தெரியாத ஒருத்தி எதற்காகக் கதவைப் பூட்டப் போகிறாள்? எவ்வளவு எளிய விஷயம், இது முதலிலேயே தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே செல்லமாக ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பெரியக்கா கழிவறைக்கோ ஆபீசுக்கோ போகிற நேரம் பார்த்து உள்ளே நுழைவாள், வேலையை முடித்துவிட்டு அவள் வருவதற்குள் வெளியே வந்துவிடுவாள்.

இன்னொன்றும் செய்தாள், இது அதைவிட மோசம். கதவில் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. தப்பித்தவறிக் கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் அதைத் தள்ளித் திறக்கலாம். அதைச் சுற்றிப் பனி கட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒரு தடவை ஒருத்தி உள்ளே நின்று, மற்றவள் வெளியே நின்று, கதவைச் சாத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். பனி கட்டியிருந்தால் வெந்நீர்த் துணியால் துடைக்க வேண்டும். உள்ளே நிற்கிற முறை சின்னவளுடையது. கதவைச் சாத்திவிட்டுப் பெரியக்கா வெளியே நிற்பதா! ஒரு வாரம் இடுப்பு வலி என்றாள். அடுத்த வாரம் சளி என்றாள். அதற்கும் அடுத்த வாரம், "நானே காலைல பாத்துட்டேன் அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"நீ பாத்தாச் சரிதான்" என்றாள் பெரியக்கா. நம்பிவிட்டாள், பாவம்.

அன்றைக்குப் பெரியக்காவை ஆபீசில் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு. சின்னவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பையில் வில்லை கிடக்க, கடைசி அடுக்குக்குப் போனாள். மீன் பெட்டிகளை இறக்கிப் பின்னால் இருந்ததை முன்னால் வைக்க வேண்டும். மேலே குளிர்க்காற்று விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. பெட்டிகளுக்கு நடுவே குனிந்திருந்தவளுக்கு வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகள் விலகுகிற சத்தம் கேட்டது.

"யாரு இப்படிக் கதவத் தொறந்து போட்டது? எல்லாம் உருகிப்போகும்" என்று பெரியக்கா தனக்குத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு வழக்கமான அந்தக் குரல் வந்தது. "உள்ள யாராவது இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொன்னால் வில்லை இல்லாமல் ஏன் போனாய் என்று கேட்பாள். தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன் என்று தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டால் விட்டு வைப்பாளா? ஒரு வார்த்தை போதும். சின்னவள் பெட்டிக்குப் பின்னால் இன்னும் தாழக் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சின்னவளே?"

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எண்ணெய் விட்ட கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

இருட்டு என்றால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. பார்த்தாயா, நான் நினைத்தது நடந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வாயைப் பொத்திய கை இன்னும் வாயிலேயே இருக்கிறது, அவளுக்கு அப்படித் தோன்றுகிறது! எழுந்து, அடுக்குகளைத் தடவித் தடவி, முழங்காலை இடித்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். குமிழைக் கண்டுபிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். குமிழைச் சுற்றிப் பனி கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்று வாரத்துப் பனி, தன் கையால் வளர்த்த பனி. நல்லாத்தான் இருக்கு என்று சொன்ன தன் குரல் தன் காதிலேயே கேட்டது.

கதவின் பக்கத்தில் அபாய மணிக்கான பொத்தான் இருந்தது. அழுத்தினால் வெளி அறையில் மணி அடிக்கும். வெளி அறையில் இருப்பது யார்? பெரியக்கா.

அங்கே நின்று அவள் தவித்த தவிப்பை என்னவென்று சொல்வது. விரல் பொத்தான்மேல் இருக்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. அழுத்தினால், நான் இங்கேதான் இருக்கிறேன், வா என்று அவளையே கூப்பிட்டதாகும். அழுத்தாவிட்டால் சரக்கு ஏற்றுகிறவர்கள் சாயங்காலம் வரும்வரை இந்தக் குளிரில் இருக்க வேண்டும். இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இந்த வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி கட்டுவதற்காகக் கழற்றிய கையுறையும் போனும் வெளியே மேஜையிலேயே கிடந்தன. விரல் நுனியெல்லாம் முதலில் எரிந்தது, பிறகு எரிச்சலும் போய்விட்டது. பயந்தால் மனிதன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுவான் என்று நினைக்கிறோம். இவளோ உயிர் போனாலும் பரவாயில்லை, பயந்தது சரியாக இருக்கட்டும் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, எங்கோ ஒரு தெருவில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருப்பார். இன்று காலையில் அவரிடம் சரியாகக்கூடப் பேசவில்லை. அவரை இனிமேல் பார்க்க மாட்டேனோ என்ற எண்ணம் வந்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் எங்கோ தொலைவில் மணி அடித்தது. யாரும் வரவில்லை. திரும்ப அழுத்தினாள், விடாமல் அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. பெரியக்கா சாப்பிடப் போய்விட்டாள். விரலை வைத்துக்கொண்டு யோசித்து நின்றாளே, அந்த நேரத்தில்தான் போயிருக்கிறாள்.

பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கதவைக் கையால் குத்தியது. "அக்கா! அக்கா!" என்று கத்தியது. அம்மா என்றோ கடவுளே என்றோ கத்தாமல் அந்த அக்காவையே கூப்பிட்டது. கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தது. தூக்கம் வந்தது. நல்ல சுகமான தூக்கம், அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு அதிகம் நடுங்கியது.

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. பெரியக்கா நின்றாள், வாயில் மென்றுகொண்டிருந்த சோறுடன்.

"அடிப்பாவி! அடிப்பாவி மகளே!" என்று அலறிக்கொண்டே சின்னவளின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்து வெளியே போட்டாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். அவளுடைய கைகளை எடுத்துத் தன் கழுத்தில், தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நீ சாப்பிட வருவேன்னு பாத்துட்டே இருந்தேன். வரல. உன் சாப்பாட்டுப் பை தொடாம அப்படியே இருக்கு. இந்தப் பக்கம் வந்தா மணி அடிக்குது. வில்லைய ஏன்டி மாட்டல? நான் கூப்பிட்டேனே, காதுல விழலயா?"

"விழுந்தது."

"அப்புறம் ஏன்டி பேசல?"

சின்னவளின் பற்கள் தந்தியடித்தன. பொய் சொல்லத் தெம்பில்லை. "நீங்க பூட்டிடுவீங்கன்னு பயந்து."

பெரியக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போனது. ஆனால் அழுத்திப் பிடித்த கைகளை மட்டும் அவள் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு நீள பெஞ்சில் சின்னவளைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். விரல்களைப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர்களுக்குச் சொல்வது சுலபம். பெரியக்கா கீழே தரையில் உட்கார்ந்து சின்னவளின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் டிரைவர் சட்டையோடு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேனேஜர் மட்டும் நின்றபடி புலம்பினார்.

"என்னம்மா நீ, அந்தம்மாவைப் போய் இப்படி நினைச்சிட்டியே. ஒரு ஆள் போதும்னு நான் சொன்னதுல இருந்து அவங்க போன் மேல போன் போட்டு, ஆபீசுக்கும் அலையா அலைஞ்சு, 'நான் வெளிப் பிரிவுக்குப் போறேன், சின்னவ இங்கயே இருக்கட்டும்'னு எழுதியே குடுத்துட்டாங்க. இன்னைக்கு அதுக்குத்தான் கூப்பிட்டோம்."

"உன் வீட்டுக்காரர் வர்ற நேரம் பாத்து, வீட்டுக்கு வந்து ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் பெரியக்கா, தலையைத் தூக்காமல்.

சின்னவளுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் சூடேறியது. இப்படி ஒரு மனுஷியையா, என்று அழுதாள். நிஜமான அழுகைதான் அது. தன் கையை நீட்டி அவள் தலையைத் தொடக்கூடப் போனாள்.

தொடுவதற்கு முன்னால் உள்ளே ஒன்று கேட்டது. என்னைத் தனியாக அந்த அறையில் விட்டுவிட்டு இவள் எதற்காக வெளியே போகப் பார்த்தாள்? சரியாக அந்த நேரத்துக்கு எப்படி வந்து திறந்தாள்?

நீட்டிய கை பாதியில் நின்றது. இருட்டில் நின்றபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அந்த அறைக்குக் கதவு இருந்தது, திறந்ததும் வெளியே வந்துவிட்டாள். இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

அவள் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இவங்க ஒண்ணும் செய்யலன்னு எனக்குத் தெரியுது. நல்லாத் தெரியுது. தெரிஞ்சும் பயமா இருக்கு. இப்பவும் பயமா இருக்கு. இதுக்குன்னு ஒரு டாக்டர் இருப்பாங்கல்ல, என்னக் கூட்டிட்டுப் போங்க. சிரிக்காதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "போலாம்மா, இன்னைக்கே போலாம்" என்றார்.

பெரியக்காவின் தேய்க்கிற கை நின்றது. பாதங்களைக் கம்பளியால் மூடி, மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்து போய், பெஞ்சின் மறுகோடியில், சின்னவள் தன்னை முழுதாகப் பார்க்கிற மாதிரி திரும்பி, இரண்டு கைகளையும் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க இருக்கேன். இப்பப் பரவாயில்லையா?"

சின்னவள் அவளைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி, அக்கா."

பெரியக்கா தள்ளி உட்கார்ந்தாள்.